மட்டக்குதிரையின் ரகசிய ஓட்டு

இனி இந்த வீட்டில் எந்த உழைப்பாளியின் ரேஷனிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கக் கூடாது என்று துரை தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். எதிர்க்க வேண்டிய மனைவி பழனியம்மா, அந்த நேரத்தில் தகரக் கொட்டகையில் குதிரையின் தீனி வாளிக்குள் மூன்றாவது சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தங்கச் சுரங்கத்தில் வெள்ளைக்காரத் துரைகளிடம் ஏச்சு வாங்கியே காலம் கழித்த ஒரு மனிதர், வீட்டிலாவது ஒரு துரையை அதட்டிப் பார்க்கலாம் என்று மகனுக்கு வைத்த பெயர்தான் துரை. அப்பா போன பிறகு அந்த உரிமை பழனியம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

சுரங்கம் மூடும்வரை துரை சங்கச் செயலாளர். மூடியவர்களை அவர் மன்னிக்கவில்லை. மூடுவதற்குக் கையெழுத்துப் போட்ட மற்றச் சங்கத் தலைவர்களை அதைவிட மன்னிக்கவில்லை. சங்கம் கலைந்தது, கொடி கிழிந்தது, உறுப்பினர்கள் விடியற்கால ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். அவருக்கு மிஞ்சிய ஒரே உறுப்பினர் ஒரு கிழட்டு மட்டக்குதிரை.

சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் பாதி மாப்பிள்ளைகளைக் கல்யாண ஊர்வலத்தில் சுமந்த குதிரை அது. சொந்தக்காரன் வேலு அதைச் சந்தையில் தள்ளிவிடப் பார்த்தபோது, "வாலிபம் பூரா உழைச்சவளுக்கு கிராஜுவிட்டி இல்ல, பென்ஷன் இல்ல, கசாப்புக் கடையாடா?" என்று துரை நடுத்தெருவில் முழங்கினார். முழக்கம் முடியுமுன் வேலு கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினான். குதிரையின் பெயர் மகாராணி. முடியாட்சியை ஒப்பாத துரை அதற்குத் 'தோழர்' என்று பெயர் மாற்றினார். குதிரை ஒப்பவில்லை. மகாராணி என்றால்தான் காதை நிமிர்த்தியது.

வயசான குதிரைக்குக் கடைவாய்ப் பல் தேய்ந்திருந்தது. புல்லை மென்று மென்று உருண்டையாகத் துப்பியது. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். காய்ந்த புல்லை அரைத்து விரல் கனத்துக்கு அழுத்திய பெல்லட் இருக்கிறது, அதைக் கொடுங்கள் என்றார். பெங்களூரில் இருக்கும் மகள் கயல்விழி மூட்டையாக அனுப்பிவைத்தாள்.

"நல்லா ஊறவெச்சுக் கூழாக்கிப் போடுங்கம்மா. கொஞ்சம் கொஞ்சமா, வேளை பிரிச்சுப் போடுங்க. காய்ஞ்சதைப் போட்டா மெல்லாம முழுங்கும். தொண்டையில போய் ஊதிக்கும். அடைச்சா உசுருக்கே ஆபத்து" என்று டாக்டரம்மா சொன்னதைப் பழனியம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். துரையும் கேட்டார். ஆனால் தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது.

அவர் வாழ்க்கையின் மகத்தான வெற்றி கேண்டீன் மோர்ப் போராட்டம். காண்ட்ராக்டர் மோரில் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனபோது, குழிக்குள் இறக்கும் கேஜில் ஒருத்தனையும் ஏறவிடாமல் ஷாஃப்ட் வாயில் ஒரு ஷிஃப்டையே உட்காரவைத்தவர் அவர். மறுநாள் மோர் கெட்டியாக வந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்ட எதுவும் கெட்டியாக வந்ததில்லை.

அதனால்தான் அன்று கொட்டகையில் அந்த வாளியைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது; தீர்மானமும் பிறந்தது.

"இன்னாடி இது?"

"கண்ணு தெரியலையா? தீனி."

"தீனியா? தண்ணி! ஒரு பங்கு ரேஷனு, மூணு பங்கு தண்ணி. காண்ட்ராக்டர்கூட இவ்ளோ துணிஞ்சதில்ல!"

"டாக்டரம்மா சொன்னாங்க."

"நெஞ்சுல தூசு அடைச்சுக்கினு போனப்ப கம்பெனி டாக்டரும்தான் சொன்னான், பீடியைக் குறைன்னு. நான் பீடியே புடிச்சதில்ல."

"இவங்க கம்பெனி டாக்டர் இல்லீங்க. குதிரை டாக்டர்."

"எல்லாம் ஒரே மேனேஜ்மெண்ட்!"

சொன்ன சூட்டில் மூட்டையிலிருந்து ஒரு கை பெல்லட்டை அள்ளிக் குதிரையின் வாயருகே நீட்டினார். மகாராணி மெல்லவில்லை. அப்படியே விழுங்கியது. அடுத்த கணம் கழுத்தை நீட்டி இருமியது. மூக்கில் நுரை தெரிந்தது.

பக்கத்து லைன் வீட்டு ஐடா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். "துரைண்ணே! தொண்டையில நிக்குது பாருங்க! இன்னா வேலை பண்ணிக்கினு கீறீங்க?"

"அது தூசு. தங்கம் பிரிச்சுக் கொட்டின சயனைடு மேட்டுத் தூசு. எங்களையெல்லாம் கொன்ன அதே தூசு."

"இன்னிக்கு காத்தே அடிக்கலியேண்ணே!"

நல்லவேளை, அடைப்பு தானாக இறங்கியது. பழனியம்மா குதிரையின் கழுத்தைத் தடவி, மூக்கு நுரையை முந்தானையால் துடைத்தாள். அடைப்பு இறங்கியதைத் துரை தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஜிப்பாப் பை இரண்டிலும் பெல்லட்டை நிரப்பிக்கொண்டு, கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார்.

"தோழருக்கு முழு ரேஷன் காய்ஞ்சதா கிடைக்கிற வரைக்கும் நான் சாப்புடமாட்டேன்!"

"சரிங்க" என்று பழனியம்மா உள்ளே போய்க் கருவாட்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டாள். காற்றே அடிக்காத அன்று அந்த வாசனை மட்டும் எப்படியோ கொட்டகைவரை வந்தது. துரை கொள்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வயிறு பிடி கொடுக்கவில்லை.

சாயங்காலம் அவளே பேச்சுவார்த்தைக்கு வந்தாள்.

"தலைவரே, நமக்குள்ள எதுக்குச் சண்டை? தின்னப் போறது யாரு?"

"தோழர்."

"அப்ப அதையே கேட்டுடலாம். ஓட்டு வெச்சிடுங்க."

துரை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் நிர்வாகத்திடம் தொண்டை வற்றக் கத்தியவர் அவர். ஒரு நிர்வாகமும் தானாக வந்து தந்ததில்லை.

"ரெண்டு வாளி" என்றாள் பழனியம்மா. "உங்க வாளியில காய்ஞ்சது. என் வாளியில ஊறினது. எதை அது காலி பண்ணுதோ, இனிமே அதான் சட்டம். தோத்தவங்க வாயத் திறக்கக் கூடாது. ஐடாதான் தேர்தல் அதிகாரி."

"ஒப்புக்கறேன்!"

"ஓட்டு வரைக்கும் பிரச்சாரம் கூடாது. பையில இருக்கறதைக் குடுங்க."

நியாயமான விதி. துரை இரண்டு பைகளையும் கவிழ்த்துக் கொட்டினார். உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மறுநாள் காலை இரண்டு வாளிகளும் வரிசையாக நின்றன. ஐடா சாக்கு போட்டு மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள். "நான் குளிச்சிட்டு வந்துர்றேன். அப்புறம் ஓட்டு" என்று பழனியம்மாவும் போனாள்.

வாக்குச்சாவடியில் துரை தனியாக நின்றார். தயாரிப்பு இல்லாமல் அவர் ஒரு தேர்தலையும் சந்தித்தவரல்ல. போன காலத்தில் பிரியாணிப் பொட்டலம். இந்த வாக்காளருக்கு வெல்லம் போதும். சமையலறைக்கு விரைந்தார். வெல்ல டப்பா காலி. ஆனால் அடுப்பின் மேல் ஒரு பெரிய குண்டான் இருந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தார். வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர். இனிப்பு லேசாகத்தான் இருந்தது. ஆகவே தாராளமாக ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். குண்டானை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வாளியில் கவிழ்த்தார். பெல்லட்டுகள் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டன. சாக்கைப் பழையபடி மூடிவிட்டு ஒன்றும் அறியாதவர்போலக் கட்டிலில் கால் நீட்டினார்.

பழனியம்மா அன்று குளித்த மாதிரி கல்யாணத்தன்றுகூடக் குளித்ததில்லை. குளித்து வந்து தலை துவட்டினாள். சாம்பிராணி போட்டாள். தெருமுனைவரை போய்ப் பூ வாங்கி வந்தாள்.

"ஓட்டுப்பதிவு நேரம் தாண்டுதுடி!"

"ஓட்டுப் போடறவளே நின்னுக்கினு தூங்குறா. உங்களுக்கு இன்னா அவசரம்?"

ஒருவழியாக ஐடாவும் வந்து சாக்கைத் தூக்கினாள். துரையின் வாளியில் பாதி இருந்தது இப்போது விளிம்புவரை உப்பி நின்றது. ஐடா வாயைத் திறந்தாள். பழனியம்மா அவளைப் பார்த்தாள். ஐடா மூடிக்கொண்டாள்.

பழனியம்மா துரையின் வாளிக்குள் கை விட்டு, அடிவரை துழாவி, ஒரு பிடி எடுத்து விரலிடுக்கில் நசுக்கினாள்.

"இன்னா பண்ற?" என்றார் துரை.

"ஓட்டு செல்லுமான்னு பாக்குறேன்." கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. "செல்லும். அவுத்துவிடு ஐடா."

மகாராணி பழனியம்மாவின் வாளியை மோந்தது. நகர்ந்தது. துரையின் வாளிக்குள் தலையை நுழைத்தது. பிறகு சப்புக்கொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அடியை நக்கி முடித்துத் தலை தூக்கியபோது மூக்கெல்லாம் கூழ். இருமல் இல்லை.

துரை முஷ்டியை உயர்த்தினார். "வெற்றி! உழைக்கும் வர்க்கத்தின் வெற்றி!"

"தோத்துட்டேங்க" என்று பழனியம்மா கைகூப்பினாள். "இனிமே உங்க சட்டம்தான். இன்னிக்கு எப்படிப் போட்டீங்களோ, அப்படியே மூணு வேளையும் உங்க கையாலதான் போடணும். வெல்லம் மட்டும் வேணாம், பல்லுக்கும் உடம்புக்கும் ஆகாது. வெதுவெதுன்னு வெறும் தண்ணி போதும். நான் குளிச்சு பூ வாங்கினு வர்ற நேரம் ஊறட்டும்."

துரையின் முஷ்டி மேலேயே நின்றது. தண்ணீர் ஊற்றவில்லை என்றால் வாளி காட்டிக்கொடுக்கும். ஊற்றினேன் என்றால் தேர்தல் மோசடி. இறக்குவதற்கு நியாயமான ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"அந்த வெல்லத் தண்ணி... யாருக்குடி காய்ச்சின?"

"யாருக்குக் காய்ச்சினேனோ, அவரே வந்து எடுத்துக்கினு போயிட்டாரு."

ஐடா வேலிப் பக்கம் திரும்பிச் சிரிப்பை முந்தானையில் அடக்கினாள். பழனியம்மா காலி வாளியைத் தூக்கி, உயர்ந்து நின்ற அந்த முஷ்டியிலேயே மாட்டினாள்.

"ஜெயிச்சவருதான் வாளியைக் கழுவணும், தலைவரே. புளிச்சுப் பூடும்."