மீட்டரண்ணனும் என் இரண்டு காதுகளும்

உலகத்திலேயே பாட்டுக் கேட்காமல் ஆம்ப்ளிஃபயர் செய்த ஒரே மனிதர் எங்கள் சிங்காநல்லூர் மீட்டரண்ணன்தான். செய்து முடித்ததும் மின்னலையை வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் பச்சைக் கோட்டைப் பார்ப்பார். அலை பிசிறில்லாமல் வளைந்தால், "நல்லாப் பாடுதுங்க" என்று மூடியை மாட்டிவிடுவார். மனைவி திட்டினால்கூட ஒலி அளக்கும் மீட்டரை நீட்டி, "எண்பது டெசிபல்தான் அம்மணி, நேத்து இதைவிட நல்லா வந்துச்சு" என்பார்.

தொண்ணூறுகளில் நான் அவருக்கு அடுத்த கடையில் பம்ப் மெக்கானிக். ஓடும் மோட்டாரில் ஸ்குரூ டிரைவரை ஊன்றி, அதன் கைப்பிடியில் காதை வைத்தால் போதும். எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவேன். 'கேட்டே பழுது சொல்லப்படும்' என்று போர்டே வைத்திருந்தேன். அந்தக் காதுக்குத் தீனியாக ஒரு ஃபாரின் ஆம்ப்ளிஃபயர் வாங்கித் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மீட்டரண்ணன் அதை அளந்து பார்த்தார். "ஏனுங்க, இதுவும் என்னுதும் மீட்டர்ல ஒண்ணுதானுங்க. காதுலயும் ஒண்ணாத்தான் கேக்கும்."

"மீட்டருக்குக் காது இருக்குதுங்களா?"

"உங்களுக்கு இருக்குதான்னு மொதல்ல பாத்துருவமுங்க."

டீக்கடையே சாட்சியாகப் பந்தயம்: கண்ணைக் கட்டிக்கொண்டு, பாடுவது யாருடைய பெட்டி என்று நான் சொல்ல வேண்டும். தோற்றால் நான் போர்டைக் கழற்ற வேண்டும். அவர் தோற்றால் ஒரு வருஷம் மீட்டரைத் தொடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, அவர் கடைக்குள் நாங்கள் இருவர் மட்டும். என் கண்ணில் துண்டு. பத்து முறை 'டக்' என்று சுவிட்ச் தட்டினார். நான் வெளுத்து வாங்கினேன். "இது ஃபாரின், உடுமலை இளநியாட்ட இருக்குது! இது உங்களுது, தகரத்தைச் சொரண்டறாப்புல இருக்குதுங்க!" ஒவ்வொன்றையும் பவ்வியமாக எழுதிக்கொண்டார்.

துண்டை அவிழ்த்தேன். என் ஃபாரின் பெட்டி நான் கட்டிக் கொண்டுவந்த கயிறுகூட அவிழாமல், மூலையில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. பத்து முறையும் பாடியது அவருடையதுதான்!

வெளியே டீக்கடை மொத்தமும் நின்றது. "என்னாச்சுங்க?"

மீட்டரண்ணன் எழுதிய தாளைக் கசக்கிப் பையில் போட்டார். "பத்துக்குப் பத்துங்க. காதா அது! நாந்தான் தோத்துப்போட்டேன்."

அவரைத் தனியே இழுத்துப்போய், "ஏனுங்கண்ணா இப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"அந்தக் காதை நம்பித்தானுங்க நாலு பேர் மோட்டாரைத் தூக்கிட்டு உங்ககிட்ட வர்றாங்க. பாட்டுல அது சுத்தப் பொய்யிங்க. மோட்டார்ல சரியாத்தான் சொல்லுது. உங்களுக்குத் தெரியாம நானே மீட்டர் வெச்சுப் பாத்திருக்கறேன்."

சொன்னபடி ஒரு வருஷம் மீட்டரைத் தொடவில்லை. விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு ஒவ்வொரு பெட்டியிலும் பாட்டுப் போட்டு, "சரியா இருக்குதுங்களா?" என்று என்னைத்தான், ஆமாம், என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

இன்றைக்கு அச்சிலேயே சொல்லிவிடுகிறேன்: தோத்தது நானுங்க, மீட்டரண்ணா.