எதிர்க்க ஒருவர் வேண்டும்

ஒரு விஷயம் எல்லோருக்கும் பிடித்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இந்தச் சின்ன ஞானம் எனக்குச் சட்டக் கல்லூரியில் வரவில்லை. அங்கே வந்ததெல்லாம் ஒரு கறுப்புக் கோட்டும், மாணவர் பேரவையின் நூலகக் குழுச் செயலாளர் பதவியும்தான். (கோட்டு மாமாவுடையது. பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை.)

எங்கள் நூலகத்தின் ரீடிங் ரூம் மாலை ஐந்துக்கே பூட்டிக்கொள்ளும். எனக்கு நஷ்டமில்லை, மாட்டுங்கா வீட்டில் எனக்கென்று ஒரு மேஜை, ஜன்னல், ஜன்னல் நிறையத் தூங்குமூஞ்சி மரம். தாராவியிலிருந்து வந்த என் வகுப்புத் தோழி எஸ்தருக்கோ ஒரே அறை. அதற்குள்ளேயே அப்பாவின் தையல் மெஷின், டிவி, தம்பிகள், ஊரிலிருந்து வந்து போகாத விருந்தாளிகள். அவளுக்காகத்தான் முதல்வரிடம் நடையாய் நடந்தோம். தன் கடைசி வேலை நாளில் மனிதர் இரங்கினார். குழுவின் தீர்மானம் வந்தால், இரவு பத்து வரை திறந்துவைக்க உத்தரவு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அவர் அறையிலேயே குழு கூடியது. தீர்மானத்தை வாசித்தேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் விவாதமில்லாத தீர்மானம் எனக்கு உப்பில்லாத சாம்பாராகத் தெரிந்தது. மாதிரி நீதிமன்றத்தில் கட்சி பிரித்துப் பிரித்தே கெட்டுப்போன புத்தி.

"யாராவது எதிர்த்துப் பேசணும். அப்பதான் மீட்டிங் மினிட்ஸ்ல ஒரு கனம் இருக்கும். எஸ்தர், நீ பேசு."

"நானா? எனக்குத்தாம்டே அந்த ரூமே வேணும்."

"சும்மா ரெண்டு நிமிஷம். ஃபார்மாலிட்டி."

"பேசிருவேன். பொறவு என்னையச் சொல்லக்கூடாது."

எழுந்து ஆங்கிலத்துக்கு மாறினாள். பத்து மணிக்குப் பெண்களை ஸ்டேஷன் வரை யார் கொண்டுவிடுவது? காவலாளி சம்பளம் யார் தலையில்? விளக்கெரிந்த கரண்ட் பில் அடுத்த வருஷம் யாருடைய ஃபீஸில் வந்து உட்காரும்? அவளுக்குள் உறங்கிக்கிடந்த வக்கீல் போர்வையை உதறிவிட்டு வந்துவிட்டாள். நான் கைதட்டினேன். (ஆமாம், தட்டினேன்.) தட்டிய கையோடு, முறைப்படி மறுபடி வாக்கெடுப்பும் வைத்தேன்.

ஆதரவாக இரண்டே கைகள். என்னுடையது, எஸ்தருடையது.

"ஜெயிச்சிட்டனாடே?" என்றாள், முகம் வெளுத்து.

"வோட்டிங் கரோ, கிஸ்னே போலா?" என்று முதல்வர் என்னைப் பார்த்துக் கேட்டார். மறுபடி ஓட்டெடு என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயமே. பேனாவை மூடி, பிரிவுபசார மாலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். புதிதாக வந்தவரிடம் போனால், "நீங்களே தோற்கடித்த தீர்மானமாயிற்றே" என்று திருப்பி அனுப்பினார்.

எஸ்தர் லோக்கல் ரயிலுக்குப் பாஸ் எடுத்தாள். சயானில் ஏறிக் கல்யாண் வரை போய், அதே வண்டியில் திரும்புவாள். லேடீஸ் டப்பாவில் வெந்தயக்கீரை ஆய்கிற கைகளுக்கும், சண்டைகளுக்கும், பூவாசத்துக்கும் நடுவே ஒப்பந்தச் சட்டம் படித்தாள். மழையில் தண்டவாளம் மூழ்கி வண்டிகள் நின்றுபோன வாரம் அவளுக்குப் பரீட்சை. ஒரு பேப்பர் போயிற்று. அதோடு ஒரு வருஷமும்.

அதற்காக அவள் என்னைத் திட்டியதில்லை. கல்யாணம்தான் செய்துகொண்டாள். (தண்டனையை அனுபவிப்பது யார் என்பதில் என் மைத்துனர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.)

இப்போது செம்பூர் வீட்டில் அவளுக்கென்று தனியறை இருக்கிறது. கதவைச் சாத்தினால் தெருவே கேட்காது. அங்கே அவளுக்கு ஒரு பக்கம் ஓடாது. பெரிய வழக்கென்றால் கேஸ் கட்டை அணைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறாள். கட்சிக்காரர்கள் ஃபோன் செய்தால் எங்கள் மகள் எடுப்பாள்.

"அம்மா ரீடிங் ரூம்ல இருக்காங்க, அங்கிள். ரீடிங் ரூம் இப்ப வாஷி பாலம் தாண்டிட்டிருக்கும்."

வீடே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, அவள் அறையில் வீணாக எரிகிற விளக்கை அணைக்கப் போவேன்.