ஸ்டெல்லாவுக்கு ஒரு சொந்தக் கவிதை

ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணம் பேசி முடித்த சமயத்தில் ஸ்டெல்லாவுக்கு நான் எழுதிக் கொடுத்த காதல் கவிதை, ஒரு வாழ்த்து அட்டையிலிருந்து சுட்டது. கல்யாணமான மூன்றாம் மாதம் அதே அட்டையை அவள் கடையில் பார்த்துவிட்டாள். (பத்து அட்டை இருந்ததாம். பத்திலும் நான் உருகிக்கொண்டிருந்தேனாம்.)

அதனால் எங்கள் இருபத்தைந்தாம் ஆண்டு விருந்துக்கு அவள் ஒரே ஒரு பரிசுதான் கேட்டாள்.

"சொந்தமா ஒரு கவிதை எழுதி வாசிங்க. முடியலன்னா மைக் பக்கமே போகாதீங்க. இன்னொரு தடவ ஏமாற மாட்டேன்."

சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். அந்தக் கத்திச் சத்தத்தில் விளையாட்டே இல்லை.

நான் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஐம்பத்திரண்டு வயதுவரை நான் எழுதியதெல்லாம் ஓவர்டைம் பட்டியல்தான். பயந்துபோய் ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதை வகுப்பில் சேர்ந்தேன். பாடம் நடத்திய பெண்ணுக்கு என் மகள் வயது.

"கவிதைய கண்ணால படிக்காதீங்க அண்ணே, வாயால படிங்க. உங்க உடம்புல ஏற்கெனவே ஒரு ஓசை இருக்கும். அதப் புடிச்சிட்டா சொல்லு தானா வரும் லா."

(என்னை 'அண்ணே' என்றதற்காகவே ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.)

தினமும் வேலைக்குப் போகும்போது பாலத்து நெரிசலில், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கவிதைகளை உரக்க வாசித்தேன். மூன்றாம் வாரம் ஓசை வந்தது. நீளமாக இழுத்து, கடைசியில் அப்படியே தாழ்ந்து இறங்கும் ஓசை. சொற்கள் கொட்டின. நாற்பது வரி! எனக்கே புல்லரித்தது. அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை.

விருந்து, மாதா கோயில் மண்டபத்தில். நூற்றிருபது பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"வைகறை வெளிச்சமே!"

முன்வரிசையில் ஒரு அக்கா, வாயிலிருந்த முறுக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்.

"வாடாத மல்லிகையே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" மண்டபமே ஒரே குரலில்.

அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு வருடமாக எங்கள் கோயில் பங்கில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் மாதா பிரார்த்தனை சொல்கிறவன் நான். மாதாவை ஒவ்வொரு பெயராக அழைத்து நான் ஒரு வரி சொல்ல, கூட்டம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்லும். என் உடம்பில் இருந்த ஓசை அதுதான். பாவம், அவர்கள் உடம்பிலும்.

ஸ்டெல்லாவின் தம்பி எழுந்து கத்தினான்: "மச்சான், அக்கா இன்னும் உசுரோடதான் இருக்கு லா!"

மண்டபம் வெடித்தது. பங்குச் சாமியாரே மேசையில் கவிழ்ந்துவிட்டார். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. 'இதுவும் எங்கேருந்தோ எடுத்ததா?' என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நினைத்ததில் தப்பில்லை. வைகறையும் மல்லிகையும் யார் மனைவிக்கும் பொருந்தும். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என் கொறட்டைக்குக் காதுல பஞ்சு வெச்சிப் படுக்கறவளே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"எனக்கு வேல போன ஆறு மாசம், ஒருத்தருக்கும் தெரியாம காப்பாத்தினவளே!"

பதில் வந்தது, கொஞ்சம் மெதுவாக.

"மீன் தலைய எனக்கு வெச்சிட்டு, தனக்கும் அதான் புடிக்கும்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லாதவளே!"

கூட்டம் பதில் சொல்வதற்குள் ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள்.

"அது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஒரு... இருவது வருஷம் இருக்கும்."

"அப்புறம் எதுக்கு தின்னீங்க?"

(மைக் அணைக்கப்படவில்லை.)

எல்லாரும் சிரித்த சிரிப்பில் கடைசியாக அவளும் சேர்ந்துகொண்டாள். அந்தச் சிரிப்பை எந்த அட்டையிலிருந்தும் சுட முடியாது.

போன மாதம், வெள்ளி விழா கொண்டாடப்போகும் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, அதே மாதிரி நம்ம வீட்டுக்காரிக்கும் ஒண்ணு எழுதித் தாங்களேன்."

ஸ்டெல்லா போனைப் பிடுங்கினாள்.

"அவரு எழுத மாட்டாரு தம்பி. மொதல்ல அவளுக்கு மீன்ல எந்தத் துண்டு புடிக்கும்னு கேட்டுட்டு வாங்க."