பத்தால் பெருக்காத ரசம்

ரசத்தைப் பாட்டிலில் ஊற்றி, பஸ் ஏற்றி, டெஸ்டுக்குக் கொண்டுபோன பெண் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவள் எங்கள் மோலக்கா.

ஸ்ரீவில்லிபுத்தூர் லேடீஸ் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது. இருவரும் ஒரே பஸ்ஸில் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போவோம். நான் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ். அவள் பேண்டேஜ் துணி வெளுக்கும் கம்பெனியில் லேப் கெமிஸ்ட். காஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு எத்தனை மோல் என்று பகலெல்லாம் பார்ப்பவள், வேலை முடிந்த பிறகும் பார்ப்பதை நிறுத்த மாட்டாள்.

மோல் என்பது பெரிய ரகசியம் இல்லை. பன்னிரண்டு சேர்ந்தால் டஜன். ஆறு போட்டு அதன் பின்னால் இருபத்து மூன்று பூஜ்யம் போட்டால் வருமே, ஏறக்குறைய அத்தனை துகள் சேர்ந்தால் மோல். உப்பில் அது ஐம்பத்தெட்டரை கிராம், சீனியில் முந்நூற்று நாற்பத்திரண்டு. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அவளோடு மளிகைக் கடைக்குப் போய்த் தெரிந்துகொண்டது.

“அண்ணாச்சி, ஒரு மோல் சீனி குடுங்க.”

“கால் கிலோவா, அரைக் கிலோவா தாயி?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

டீக்கடையில் இன்னும் மோசம். “லிட்டருக்கு அரைக்கால் மோல் வாராப்புல சீனி போடுங்க” என்பாள். டீ மாஸ்டர் என்னைப் பார்ப்பார். “சீனி கம்மி” என்று நான் மொழிபெயர்ப்பேன். பால்கோவாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. “அதக் கணக்குப் பாத்தா திங்க முடியாதுட்டி” என்று சொல்லிவிட்டு என் பங்கையும் சேர்த்துத் தின்பாள்.

எங்கள் சமையல்காரர் மம்சாபுரத்திலிருந்து வருவார். அதனால் மம்சாபுரத்தக்கா. ஆள் கூடினால் அவருடைய ரசமும் கூடும். ரசம் தண்ணீராக இருக்கிறது என்று யாரோ வார்டனம்மாவிடம் போட்டுக்கொடுக்க, வார்டனம்மா மோலக்காவைக் கூப்பிட்டார்.

“ரசத்துல உப்பு எம்புட்டுன்னு சொல்லிருவேன்னு பீத்திக்கிடுவியே. பாத்துச் சொல்லு.”

மோலக்காவுக்குக் கேட்கவா வேண்டும்? மறுநாளே ரசம் பாட்டிலில் ஏறி ராஜபாளையம் போனது. லேபில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரசம் செங்கல் நிறத்துக்கு வரும்வரை பார்த்து, விடையோடு திரும்பினாள். இருக்க வேண்டிய உப்பில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறதாம்.

“அப்ப மிச்ச உப்பு எங்க போகுது?” என்றார் வார்டனம்மா.

அந்த ரசத்தை நாங்கள் எல்லோரும் குடித்திருந்தோம். வார்டனம்மா இரண்டு டம்ளர் குடித்திருந்தார். “நேத்து உப்பு கரிச்சுச்சே” என்று ஒருத்தி முனகினாள். “வாய நம்பாத. லேப்ல சொல்லியாச்சு” என்று அவளை அடக்கினார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நாங்கள் உப்பிட்டவரை வேலையை விட்டே அனுப்பக் கிளம்பினோம். உப்பைத் திருடியதாகச் சொல்லி, காலைச் சமையலோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார் வார்டனம்மா. மம்சாபுரத்தக்கா வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மோலக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் எழுந்துவிட்டாள்.

“வண்டிய நிறுத்துங்க.”

“என்னம்மா, அடுப்ப அணைக்காம வந்துட்டியளா?” என்றார் கண்டக்டர்.

“பத்தால பெருக்கல.”

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே விசில் கொடுத்தார். நானும் பின்னாலேயே இறங்கினேன். எதிர்ப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ரசம் கலங்கலாக இருந்ததால், பத்து மில்லி ரசத்தில் தண்ணீர் சேர்த்து நூறு மில்லி ஆக்கித்தான் டெஸ்ட் செய்திருக்கிறாள். வந்த விடையைப் பத்தால் பெருக்கினால்தான் ரசத்தின் கணக்கு. பெருக்க மறந்துவிட்டாள்.

“பேசாம இருந்தா யாருக்குந் தெரியாதுல்லக்கா?” என்றேன்.

“எனக்குத் தெரியும்லட்டி” என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மம்சாபுரத்தக்கா ஒயர் கூடையோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். மோலக்கா கூடையைப் பிடித்துக்கொண்டாள். வார்டனம்மாவையும், வேலைக்குக் கிளம்பி நின்ற எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“உப்பு சரியாத்தான் இருந்துச்சு. ரசத்துல தண்ணி ஊத்துனது அவிய இல்ல. நாந்தான்.”

மம்சாபுரத்தக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தண்ணி ஊத்துனேன்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்கிடுவேன் தாயி. உப்பத் திருடுனேன்னு சொல்லிட்டாகளே. திருடுறவ முந்திரிப்பருப்ப விட்டுட்டா உப்பத் திருடுவா?”

வார்டனம்மா கூடையை வாங்கி அவரே அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். வரும்போது முந்திரிப்பருப்பு டப்பாவைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயந்தரம் மோலக்கா பால்கோவா வாங்கிவந்து மம்சாபுரத்தக்கா கையில் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு துண்டுகூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு மம்சாபுரத்தக்கா தினமும் முதல் டம்ளர் ரசத்தை அவளிடம் நீட்டுவார். “ஏட்டி மோலு, இன்னைக்கு எம்புட்டு?”

அவள் குடித்துப் பார்த்து, “சரியா இருக்குக்கா” என்பாள். அவ்வளவுதான்.

இப்போது அவள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருக்கிறாள். நான் இன்னும் கணக்கு எழுதும் வேலையில்தான் இருக்கிறேன். கணக்கைச் சரியாகப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தப்பாய்ப் போட்ட கணக்குக்காகப் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியவளை ஒரு முறைதான் பார்த்தேன். ரசம் வைக்கும்போதெல்லாம் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.