ஐந்தருவியில் எனக்குக் காய்ச்சல்

பொய் சொல்லி லீவு போடும் பழக்கம் உள்ளவன், பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் போர்டு மாட்டும் வேலையைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. நான் அறிவியல் வாத்தியார். இதைச் செய்முறையாகவே நிரூபித்திருக்கிறேன்.

தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்தபோது மற்ற ஆசிரியர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். நான் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிட்டே போனேன். என் போனில் இருக்கும் அக்கவுண்ட்டையே போர்டிலும் போட்டேன். போர்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தால், நான் போனில் எடுத்த படங்கள் புதிதிலிருந்து ஒவ்வொன்றாக அதில் ஓடும்படி அமைத்தேன். இலை, பூ, பூச்சி என்று நான் எடுக்க எடுக்கப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பது திட்டம்.

தலைமையாசிரியை முன்னால் செய்தும் காட்டினேன். வாசலில் நின்ற செம்பருத்தியைப் படம் எடுத்துவிட்டு உள்ளே வந்தால், போர்டில் ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி.

"அப்ப நீங்க எடுக்கதெல்லாம் இங்கன வந்துருமா சார்?" என்று கேட்டார்.

"எல்லாமே வந்துரும் டீச்சர். நான் எந்த ஊர்ல இருந்தாலும் வரும்."

(இதைச் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டு வேறு இருந்தேன்.)

என்னுடைய இன்னொரு கண்டுபிடிப்பு, ஒரு சட்டம். சாரல் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காய்ச்சல் வரும். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்த அன்று வரும், தண்ணீர் குறைந்ததும் போய்விடும். அதை ஒழிப்பதற்காக, பொய் சொல்லி லீவு போட்டால் அம்மாவோ அப்பாவோ வகுப்புக்கு வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதலில் மாட்டியவள் ரஹ்மத். வயிற்று வலி என்று லீவு கேட்டுவிட்டு மெயின் அருவியில் குளித்ததை, பக்கத்தில் உட்காரும் பிள்ளையே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"உம்மாவக் கூட்டிட்டு வாரேன் சார்."

"உம்மா கூடத்தான அருவிக்குப் போன? வாப்பா வரணும்."

"வாப்பா சவூதியில இருக்காங்க சார்."

வேறு வாத்தியாராக இருந்தால் இதோடு விட்டிருப்பார். நானோ டிஜிட்டல் வாத்தியார். அங்கேயே வீடியோ கால் போட்டு அவரைப் போர்டுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சள் ஹெல்மெட், பின்னால் கண் கூசும் வெயில். வேலைக்கு நடுவில் எடுத்திருக்கிறார்.

"புள்ளைக்கு என்னமும் ஆச்சா சார்?" என்றார் முதல் வார்த்தையாக.

ஒன்றும் ஆகவில்லை, பொய் சொல்லி லீவு போட்டிருக்கிறாள் என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னால், "மன்னிச்சிருங்க சார், இனிமே செய்ய மாட்டா" என்றார். ரஹ்மத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான், கடைசி வரை நெட்வொர்க் அறுந்துபோகாமல் இருந்ததை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அடுத்த வாரமே என் மச்சினன் செந்தில் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். "அத்தான், ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். நாளைக்கே போவோம்" என்றான். நாளை வியாழக்கிழமை. சனிக்கிழமை போகலாமே என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எவர்சில்வர் அண்டாவுக்குள் முகத்தை விட்டு, "டீச்சர், நூத்தி ரெண்டு டிகிரி காய்ச்சல். எந்திக்க முடியல" என்று தலைமையாசிரியைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். (அண்டாவுக்குள் பேசினால் குரல் நிஜமாகவே காய்ச்சல்காரன் குரல் போல வரும்.) "ரெஸ்ட் எடுங்க சார், உங்க வகுப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்று பதில் வந்தது. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டே துண்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

செந்திலின் போன் புதுசு. நனைந்துவிடும் என்று என் போனை வாங்கிக்கொண்டான். நான் அரை டிராயரோடு மரப் பலகையில் குப்புறப் படுத்தேன். எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி என் முதுகில் புரோட்டா மாவு பிசைந்தார். செந்தில் எடுத்தான். பிறகு மல்லாக்கப் படுத்தேன். காலைத் தூக்கி மடக்கினார். அதையும் எடுத்தான். எழுந்து உட்கார்ந்து ரம்புட்டான் பழம் தின்றேன். அதையும்தான்.

அப்போது போன் அடித்தது. தலைமையாசிரியை. எண்ணெய்க் கையோடு வாங்க முடியாததால் செந்திலே என் காதில் பிடித்தான். நான் இரண்டு தடவை இருமினேன்.

"காய்ச்சல் எப்படி இருக்கு சார்?"

"அப்படியேதான் டீச்சர். கட்டில்லதான் கெடக்கேன்."

"என்னது, ஒரே இரைச்சலா கேக்கு?"

"மழ டீச்சர். தகரத்துல விழுது."

"ஓஹோ. உங்களுக்குக் கால மடக்கி விடுதாரே, அவர்தான் டாக்டரா?"

எனக்குச் சகலமும் நின்றுவிட்டது. ஐந்து அருவியும் சத்தமில்லாமல் விழுவது போல இருந்தது. செம்பருத்தி ஞாபகத்துக்கு வந்தது. 'நான் எந்த ஊர்ல இருந்தாலும் வரும்' என்று நானே சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

"இத எப்படி அணைக்கன்னு எங்க யாருக்கும் தெரியல சார்" என்றார் அவர், அதே நிதானத்தோடு. "ஒண்ணு போனா இன்னொண்ணு வருது. பிள்ளைங்க பாடத்த விட்டுட்டு உங்களத்தான் பாக்குதுங்க."

போனைப் பிடுங்கிப் படங்களை அழிக்கப் பார்த்தேன். விரலெல்லாம் எண்ணெய். திரையை எங்கே தொட்டாலும் வழுக்கியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. துண்டில் துடைத்தேன். துண்டிலும் எண்ணெய். கடைசியில் எதுவோ அமுங்கி, கேமரா திறந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்த என் முகத்தையே படம் எடுத்துவிட்டது. (அன்று போர்டில் ஓடியவற்றில் ரொம்பத் தெளிவாக வந்தது அதுதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.) அருவியில் நனையாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி தலையணை முழுக்க எண்ணெய்.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் போய் நின்றேன். மெமோ நிச்சயம், இன்கிரிமென்ட்டும் போகலாம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

"மெமோ தந்தா அது பேப்பரோட முடிஞ்சிரும்" என்றார். "நீங்க போட்ட சட்டம்தான் இருக்குல்லா. அப்பாவக் கூட்டிட்டு வாங்க."

"டீச்சர், எனக்கு முப்பத்தெட்டு வயசு."

"அப்பா இருக்காங்கல்லா?"

"இருக்காங்க."

"பின்ன என்ன?"

என் அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பள்ளியில் கூப்பிடுகிறார்கள் என்றதும், "ஏலே, ஒனக்கு என்னமும் ஆச்சா?" என்று பதறிப்போய்ச் சட்டையை மாட்டினார். பைக்கில் வரும் வழியில் விஷயத்தைச் சொன்னேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். அப்பா, கூட்டமான பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கிற குரலில், "எம்மவன் செஞ்சது தப்பு. நாலாங் கிளாஸ்லயும் இதே மாதிரி ஒரு தடவ வந்து நின்னேன். அப்பவும் காய்ச்சல்தான்" என்றார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தலைமையாசிரியை, "போதுமா?" என்று வகுப்பைக் கேட்டார். ரஹ்மத் எழுந்தாள்.

"எங்க வாப்பாகிட்டயும் சார் மன்னிப்புக் கேக்கணும் டீச்சர். அன்னைக்கு வாப்பா ரொம்பப் பயந்துட்டாங்க."

போர்டை நானே போட்டேன். நானே கூப்பிட்டேன். அதே மஞ்சள் ஹெல்மெட், அதே வெயில்.

"புள்ளைக்கு என்னமும் ஆச்சா சார்?"

அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் கேட்டதும் இதே கேள்விதான். "இல்ல பாய், நான்தான் பொய் சொல்லி லீவு போட்டுட்டு ஐந்தருவிக்குப் போயிட்டேன். அன்னைக்கு உங்கள அப்படிக் கூப்பிட்டு நிக்கவச்சதும் தப்பு" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ரஹ்மத்தின் வாப்பா, "ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதா சார்?" என்றார். அப்போதுதான் வகுப்பு சிரித்தது. அப்பா போர்டுக்குப் பக்கத்தில் போய், "ஒங்க நம்பரக் குடுங்க தம்பி" என்றார்.

அந்தச் சட்டத்தை அன்றே எடுத்துவிட்டேன். போர்டிலிருந்து என் அக்கவுண்ட்டையும் எடுத்துவிட்டேன். அப்பா வாங்கிய நம்பரை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. ரஹ்மத் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் சாரலின் முதல் தூறல் விழுந்தால் சவூதியிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்துவிடும். இரண்டு பேரும் பேசி முடித்ததும் அப்பா போனை என்னிடம் நீட்டுவார்.

"இந்தா, ஒன் காய்ச்சல விசாரிக்காரு."