வரைபடப் புலி கூட்டிய மாநாடு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை முன்னறைச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதில்லை.

காரணம் இருந்தது. பகலெல்லாம் அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டுகிற மனிதர், மாலையானால் கணினி முன் உட்கார்ந்து 'வரைபடப் புலி' ஆகிவிடுவார். முகம் பார்த்திராத ஆட்கள் கூடி இணையத்தில் ஒரு இலவச வரைபடம் வரைகிறார்கள். சந்து பொந்து, பஸ் நிறுத்தம், தண்ணீர்க்குழாய் எதையும் விடுவதில்லை. யார் வேண்டுமானாலும் வரையலாம்; யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த வட்டாரத் தன்னார்வலர்கள் முப்பது பேருக்கும் ஒரு மாநாடு. கூட்டுகிற பொறுப்பு புலியுடையது. அறிவிப்பையும் அந்த வரைபடத்திலேயே போட்டு, இடத்துக்கு நூலகத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வைத்திருந்தார். முன்பு இரண்டு பேர் கூட்டிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இந்தத் தடவையும் ஆள் வராவிட்டால் குழுவையே கலைத்துவிடலாம் என்று பேச்சு.

சிக்கல் என்னவென்றால், அதே ஞாயிற்றுக்கிழமையை மனைவிக்கும் கொடுத்திருந்தார். மூன்று தடவை தள்ளிப்போட்ட பெயின்ட் வேலை. மனைவியோ பள்ளிக்கூடத்தில் எந்த வேன் எந்தத் தெருவுக்கு என்று பிரித்து அனுப்புகிறவள். பதினைந்து டிரைவர்களின் சாக்குகளைக் காலையிலேயே கேட்டு முடித்துவிட்டு வருகிறவளிடம் பதினாறாவது சாக்கு சொல்வது லேசான காரியமா?

"ஞாயித்துக்கிழமை கம்பெனி டிரெய்னிங்" என்றார், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

"கடை உங்களோடது. கம்பெனி யாரோடது?"

"லென்ஸ் கம்பெனி. புது லென்ஸ் வந்திருக்கு. கிட்டப்பார்வை, தூரப்பார்வை ரெண்டும் ஒண்ணுலயே தெரியும்."

"நம்ம வீட்டுச் சுவரு எதுல தெரியும்?"

"அடுத்த வாரம் கண்டிப்பா அடிச்சிடறேன்."

"சரிங்க. போயிட்டு வாங்க."

இத்தனை சுலபமாக விட்டாளே என்று அவர் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தார்.

ஞாயிறு காலை நூலக மாடி ஹாலில் நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டார். மைக்கைத் தட்டினார். மனைவி கூப்பிடுகிற நேரத்தில் பின்னால் கைதட்டல் கேட்டுவிட்டால் குடும்பம் என்னாகும்? போனை அணைத்துப் பைக்குள் போட்டார். வாசலைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு ஈ வந்தது. அதுவும் உட்காராமல் போய்விட்டது.

"சார், மாநாடு இன்னிக்குத்தானா? நல்லாப் பாருங்க" என்றார் காவலாளி.

"இன்னிக்குத்தாங்க. வருவாங்க."

வெயில் ஏறியது. யாரும் படி ஏறவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்த உரை கை வியர்வையில் நனைந்தது. திரும்பிப் பார்த்தால் காவலாளி முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"ஒருத்தராவது இருக்கட்டுமேன்னு உட்கார்ந்தேன் சார். நீங்க பேசுங்க."

புலிக்கு அழுகையே வந்துவிட்டது. குழு கலைந்தது, மானம் போனது, அவ்வளவுதான். ஆனது ஆகட்டும் என்று போனை உயிர்ப்பித்தார். செய்திகள் மளமளவென்று கொட்டின. முதல் செய்தி, 'முட்டுச்சந்து' என்ற பெயரில் வரைகிற ஓய்வுபெற்ற பொறியாளருடையது: "பிரமாதமான ஏற்பாடு! எல்லாரும் வந்தாச்சு. புலி எங்கே?"

எங்கே வந்தாச்சு? வரைபடத்தைத் திறந்தார். மாநாட்டு இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி நூலகத்தின் மேல் இல்லை. அவர் வீட்டின் மேல் இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். ஒரே மணியில் எடுத்தாள்.

"என்னங்க, டிரெய்னிங் முடிஞ்சுதா?"

"அங்க என்ன சத்தம்? யாரு அதெல்லாம்?"

"உங்க லென்ஸ் கம்பெனிதான். வர்றப்போ ரெண்டு ரோலர் வாங்கிட்டு வாங்க. ஆளுங்களுக்குப் பத்தலை."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். முன்னறைச் சுவரைச் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, ஆளுக்கொரு சதுரம் பிரித்துக் கொடுத்திருந்தாள் மனைவி. முப்பது பேரும் சட்டையெல்லாம் பெயின்ட் அப்பிக்கொண்டு நின்றார்கள். கல்லூரி ஆசிரியை ஒருவர் ஏணியில் நின்று கத்தினார்.

"நான் அடிச்சதை நீங்க ஏன் சார் திருத்தறீங்க?"

"மூலையில விட்டுப்போச்சும்மா" என்றார் முட்டுச்சந்து.

"காரணம் சொல்லாம திருத்தக் கூடாது. அதுதானே நம்ம விதி?"

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். வருஷக்கணக்கில் கணினித் திரைக்குப் பின்னால் முறைத்துக்கொண்டிருந்த இருவர் ஒரே டப்பாவில் தூரிகை நனைத்தார்கள். புலியைக் கண்டதும் ஒரே ஆரவாரம்.

"கூட்டு முயற்சின்னு பேசிக்கிட்டு இருக்காம செஞ்சே காட்டிட்டீங்க! முதல் அமர்வு செயல்முறைப் பயிற்சின்னு உங்க வீட்ல சொன்னாங்க."

புலி பல்லைக் காட்டிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தார்.

"புள்ளிய நீயா நகர்த்தினே?"

"யார் வேணா திருத்தலாமாமே. திருத்தினேன்."

"உனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"வேனையெல்லாம் எந்த மேப்பைப் பார்த்து அனுப்பறேன்னு நினைச்சீங்க? நீங்க தப்பா போட்ட ஒருவழிப்பாதைய எத்தனை தடவை சரி பண்ணியிருக்கேன்! மாநாட்டு அறிவிப்பும் அதுலதான் பார்த்தேன். பெயின்ட் அடிங்கன்னா எங்கிட்டயே கதை அடிக்கறீங்க."

நியாயமாகக் கோபம் வரவேண்டும். தேடிப் பார்த்தார், வரவில்லை. அந்தக் காலி நாற்காலிகள் கண்முன் வந்துபோயின. அப்பாடா என்று ஒரு நீண்ட பெருமூச்சுதான் வந்தது. ஆட்கள் வந்துவிட்டார்கள். குழு பிழைத்தது. உரையும் படிக்க வேண்டாம். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கதவோரச் சதுரத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் சுவர் பளபளவென்று நின்றது. டீ டம்ளரோடு முட்டுச்சந்து எழுந்தார்.

"மாநாடுன்னா நான் தூங்கித்தான் பழக்கம். இன்னிக்குத்தான் கண் முழிச்சு முழு மாநாடு பார்த்தேன். குழுவைக் கலைக்கிற பேச்சே இனி வேண்டாம். புலி, அடுத்த வருஷமும் நீங்கதான் நடத்தணும். எங்க வச்சுக்கலாம்?"

புலி நெஞ்சை நிமிர்த்தித் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"எங்க அம்மா வீட்ல வச்சுக்கலாங்க. அது மூணு மாடி."