பன்னிரண்டு டவுட்டுகள்

"டவுட் நம்பர் நாலு. எழுதிக்குங்க," என்றாள் நஜீமா. "விலை ஏறினால் வாங்குபவர்கள் குறைவார்கள் என்றால், வைகுண்ட ஏகாதசியன்று பூ விலை மூன்று மடங்கு ஏறியும் பூக்கடையில் கூட்டம் குறையாதது ஏன்? கேள்விக்குறி போடுங்க."

முப்பத்தாறு பேனாக்களும் கேள்விக்குறி போட்டன.

"மேம், இது யாருக்கு வந்த டவுட்?" என்று கேட்டாள் முதல் பெஞ்சு வைஷ்ணவி.

"உனக்குத்தான். இன்னும் வரல. வியாழக்கிழமை வரும்."

வைஷ்ணவி தலையாட்டிவிட்டு, நோட்டில் தன் பெயரை அந்த டவுட்டுக்கு எதிரே எழுதிக்கொண்டாள். நல்ல பெண்.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் நஜீமா பதினொரு வருஷமாகப் பொருளாதாரம் நடத்துகிறாள். பதினொரு வருஷமும் தற்காலிகம். ஒவ்வொரு மே மாதமும் வேலை போய், ஒவ்வொரு ஜூனிலும் திரும்பி வரும். போன வெள்ளிக்கிழமை பிரின்ஸிபால் ஜெயக்குமார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"காலம் மாறிப்போச்சு மேம். இப்ப நாம பேசக் கூடாது, பசங்கதான் பேசணும். மாணவர் மையக் கற்றல். வியாழக்கிழமை காலேஜை இன்ஸ்பெக்ட் பண்ண கமிட்டி வருது. உங்க கிளாஸைத்தான் பாக்கப் போறாங்க. நீங்க பத்து நிமிஷம் பேசலாம். மிச்சம் அரை மணி நேரம் பசங்க டவுட் கேக்கணும். எத்தனை டவுட்னு எண்ணி எழுதுவாங்களாம்."

"நம்ம பசங்க டவுட் கேக்க மாட்டாங்களே சார்."

"கேக்க வைங்க. டிபார்ட்மென்ட்ல ஒரு போஸ்ட் பர்மனென்ட் ஆகுது. உங்க ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. கமிட்டி நல்லபடியா எழுதினா அன்னிக்கே கையெழுத்து. இல்லன்னா வெளியிலேருந்து ஆள் எடுப்பாங்க. உங்களுக்கு அப்புறம் ஜூன் மாசம் வராது."

பாலக்கரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தும் காவிரி கண்ணில் படவில்லை. டவுட் கேட்க வைப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நோட்ஸ் சொல்லுவாள். முற்றுப்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்லுவாள். அதில் டவுட் நுழைய இடமே இருக்காது. தான் படித்த ஐந்து வருஷத்தில் அவளும் எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் பேப்பரை எடுத்ததும் கேள்விகள் தாமாக வந்து விழுந்தன. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் பன்னிரண்டு. இருபது வருஷமாக உள்ளேயே கிடந்தவை போலிருக்கிறது. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எனவே திங்கட்கிழமை, தனக்குத் தெரிந்த ஒரே முறையில், டவுட்டுகளை டிக்டேட் செய்தாள். பன்னிரண்டு டவுட், பன்னிரண்டு பேர். கடைசி பெஞ்சில் உப்பிலியபுரத்து வீரமலைக்கு ஏழாம் நம்பர்: சின்ன வெங்காயம் அமோகமாக விளைந்த வருஷத்தில் விவசாயிக்கு நஷ்டம் வருவது ஏன்?

பிரச்சினை பத்தே நிமிஷத்தில் வந்தது.

"மேம், வியாழக்கிழமை எங்க அத்தை பொண்ணு கல்யாணம். ஆத்துல என்னை விட மாட்டா," என்றாள் வைஷ்ணவி.

நஜீமாவுக்குப் பகீரென்றது. இன்று வைஷ்ணவி என்றால் வியாழக்கிழமை காலை இன்னும் யார் யாருக்குக் காய்ச்சலோ. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. எல்லாரும் எல்லா டவுட்டையும் படிச்சுடுங்க. யார் வரலைன்னாலும் டவுட் வந்தாகணும்."

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. "ஏதாவது டவுட் இருக்கா?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், முப்பத்தாறு பேரும் எழுந்து ஒன்றாம் நம்பரிலிருந்து ஒரே குரலில் ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வகுப்பில் யாரோ பிரேயர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! மனப்பாடம் பண்ணின மாதிரியா டவுட் கேப்பாங்க?"

"மனப்பாடம்தானே மேம் பண்ணினோம்?" என்றான் வீரமலை.

"அர்த்தம் புரிஞ்சு கேக்கணும். புரியாம டவுட் கேட்டா முகத்துலயே தெரிஞ்சுடும்."

வீட்டில் கணவன் கலீம் நிலைமையை இன்னும் மோசமாக்கினான். பெரிய கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவன். எதிராளி அடுத்து என்ன கேட்பான் என்று யோசிப்பதே அவன் தொழில்.

"சரி, பையன் டவுட் கேட்டுட்டான். கமிட்டிக்காரங்க அவனைப் பாத்து, 'இதுல உனக்கு என்னப்பா புரியல?'ன்னு திருப்பிக் கேட்டா?"

"யா அல்லாஹ்!" என்று நஜீமா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, இதை ஏன் இப்ப சொல்றீங்க?"

"முந்தியே சொன்னா மட்டும் தூங்கியிருப்பியா?"

புதன்கிழமை முதல் வேலையாக அவள் வகுப்பில் அறிவித்தாள். "ஒவ்வொரு டவுட்லயும் எந்த இடம் புரியலைன்னு கண்டுபிடிங்க. லைப்ரரிக்குப் போங்க. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குங்க. என்கிட்ட மட்டும் வந்துடாதீங்க, எனக்கு ரிப்போர்ட் எழுதணும். இதைப் பத்தி வெளியில மூச்சு விடக் கூடாது."

மதியம் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் போனபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது. பத்துப் பதினைந்து பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் வீரமலை. "விலை பாதியாச்சுன்னா நீ ரெண்டு மடங்கு சாம்பார் குடிப்பியாடா? குடிப்பியா?"

நாளைக்கு இவளுடைய தலையெழுத்து, இதுகளுக்குச் சாம்பார். "லைப்ரரிக்குப் போகச் சொன்னா இங்க என்ன சாப்பாட்டுப் பேச்சு?" என்று விரட்டிவிட்டாள்.

"எல்லாரும் ரெடியா?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"ரெடி மேம்!" என்று கூரை அதிரச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் அன்று சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி வந்தது. தலைவர் பிரேமலதா, சென்னைக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். கூட ஒருவர், கையில் ஸ்டாப் வாட்ச். பின்னால் பிரின்ஸிபால். வகுப்பு நிறைந்திருந்தது. வைஷ்ணவிகூட முகூர்த்தம் முடிந்த கையோடு பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் நஜீமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாங்க குறுக்கிட மாட்டோம், பாத்துக்கிட்டுதான் இருப்போம்," என்று பிரேமலதா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆக, திருப்பிக் கேட்கப்போவதில்லை. கலீமை மனதுக்குள் திட்டிக்கொண்டே நஜீமா பாடத்தைத் தொடங்கி, ஒன்பதரை நிமிஷத்தில் முடித்தாள்.

"உங்களுக்கு ஏதாவது டவுட் இருக்கா?"

ஒருவரும் எழவில்லை.

மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது. சரி, கூச்சம். நஜீமா வைஷ்ணவியைப் பார்த்தாள். வைஷ்ணவி திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டவுட்... யாருக்குமே இல்லையா?"

"இல்ல மேம்," என்றது வகுப்பு, மரியாதையாக.

ஸ்டாப் வாட்ச்காரர் விரலை உயர்த்தினார். பத்து நிமிஷம் முடிந்தது, இனி அவள் பேசக் கூடாது. நஜீமா கண்ணால் கெஞ்சினாள். பிரேமலதா குனிந்து எழுதுகிற சமயம் பார்த்து, வீரமலைக்கு ஒரு கையில் ஐந்து விரலும் மறுகையில் இரண்டும் காட்டினாள். ஏழு! வெங்காயம்! அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர, 'நீங்க கவலைப்படாதீங்க மேம்' என்பதுபோல் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அரை மணி நேரம். அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான அரை மணி நேரம் இருந்ததில்லை, பிரசவத்தையும் சேர்த்து.

கமிட்டி எழுந்து போனதும், பிரின்ஸிபால் வராந்தாவில் குரலைத் தாழ்த்தினார். "மாணவர்கள் எழுப்பிய கேள்விகள்னு ஒரு கட்டம் மேம். பெருசா ஒரு சைபர் போட்டுட்டாங்க. 'வகுப்பில் கற்றலே நிகழவில்லை'ன்னு கீழ ஒரு வரி வேற. ஃபைலை நான் உள்ள வச்சுடறேன், தப்பா நினைக்காதீங்க."

நஜீமா வகுப்புக்குள் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். கோபப்படத்தான் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினொரு வருஷம்," என்றாள். "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுந்து ஒரு டவுட் கேட்டிருக்கக் கூடாதா? எல்லாம் மறந்து போச்சா?"

வைஷ்ணவி பட்டுப்புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் வீரமலை மெதுவாக எழுந்தான்.

"மறக்கல மேம். புரிஞ்சுக்கிட்டு வரச் சொன்னீங்களேன்னு எல்லாரும் சைக்கிள் ஸ்டாண்ட்லயும் லைப்ரரிலயும் அடிச்சுக்கிட்டோம். பன்னெண்டுக்கும் பதில் கிடைச்சிருச்சு. தெரிஞ்சு போனதை எப்படி டவுட்டுன்னு கேக்கறது? தெரியாதவங்க யாராவது எழுந்து கேப்பாங்கன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தோம் மேம். முப்பத்தாறு பேர்ல அப்படி ஒருத்தர்கூட இல்ல."